விராலின் விலாவில் வரும் புண்

மாரி மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழி, தை மாதங்களில் குளத்தில் வலை போடுபவர்கள் சில ஆண்டுகளில் ஒரு பயங்கரக் காட்சியைக் காண நேரிடும். விராலின் விலாவில் முதலில் ஒரு சிவப்புப் பொட்டு. பின்னர் செதில் உதிர்ந்து, தோல் அழுகி, சதை தெரியும் குழிப்புண். தலை பாதி அரிக்கப்பட்ட நிலையிலும் சில விரால்கள் உயிரோடு நீர்மட்டத்தில் தள்ளாடிக்கொண்டிருக்கும்.

உடனே இரண்டு கதைகள் ஊரில் பரவும். யாரோ குளத்தில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்பது ஒன்று. இந்த மீனைத் தின்றால் நமக்கும் புண் வரும் என்பது மற்றது. முதலாவது கதை அயலவர்களிடையே பகையை மூட்டும். இரண்டாவது கதை அடுப்பைத் தொடும். ஆட்டையும் கோழியையும் விட்டுவிட்டு இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்குக் காசில்லாமல் கிடைக்கும் ஒரே கறி குளத்து மீன்தான். அதனால்தான் இந்நோயைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறோம்.

நஞ்சினால் மீன் சாவதென்றால் ஓரிரு நாட்களுக்குள் சிறிது பெரிது என்றில்லாமல் பல இனமும் சேர்ந்து மிதக்கும். உடலில் புண் இராது. இந்த நோயோ வாரக்கணக்கில் நீடிக்கும், புண்ணோடு வரும், எல்லா இனத்தையும் ஒரே அளவில் தாக்காது. விராலும் கெளுத்தியும் சிறு கெண்டைகளும் முதலில் விழும். ரோகு, கட்லா, மிரிகால் ஆகியவற்றின் குஞ்சுகளையும் தாக்கக்கூடும். நாம் யப்பான் மீன் என்று அழைக்கும் திலாப்பியாவோ பெரும்பாலும் தப்பிவிடும்.

இது நமது குளங்களுக்கு மட்டும் வந்த சோதனையல்ல. 1971இல் யப்பானில் வளர்ப்பு மீன்களிலும், 1972இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மடவை மீன்களிலும் இது கண்டறியப்பட்டது. பின்னர் தென்கிழக்காசிய நாடுகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. 1987ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கும், 1988இல் வங்காளதேசத்துக்கும் இந்தியாவின் வடகிழக்குக்கும் வந்தது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் ஆபிரிக்காவின் சம்பேசி ஆற்று மீன்களிலும் தோன்றியது.

பல ஆண்டுகளாக இதற்கு வைரசா, பக்டீரியாவா காரணம் என்று விஞ்ஞானிகள் வாதிட்டனர். புண்ணில் பக்டீரியாக்கள் உண்டுதான்; ஆனால் அவை பின்னால் வந்து சேர்ந்தவை. உண்மையான குற்றவாளி அஃபனோமைசிஸ் என்னும் பங்கசு போன்ற உயிர். பங்கசு போன்று நூல் நூலாகச் சதைக்குள் வளர்ந்தாலும் அது பங்கசு அல்ல. உருளைக்கிழங்குச் செடியை ஒரே வாரத்தில் கருக்கிவிடும் வெளிறல் நோயின் கிருமிக்கு உறவானது. உருளைக்கிழங்கு பயிரிட்டவர்களுக்கு அந்த நோயின் குணம் தெரியும்: குளிரும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். மீன் நோயும் அதே போன்றதே.

இக்கிருமியின் வித்திகள் நீரில் நீந்தி மீனின் தோலில் ஒட்டிக்கொள்ளும். நீர் 18 முதல் 22 பாகை செல்சியசு வரை குளிரும்போது மீனின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்துவிடுகிறது. பெருமழையோடு புளிப்பு நீர் குளத்தில் சேர்ந்தால் தோலும் பழுதடையும். கிருமிக்கு வழி திறந்துவிட்டது போலாகும். வெயில் ஏறி நீர் சூடானதும் நோய் தணிவதும், பிழைத்த மீன்களின் புண் ஆறுவதும் இதனால்தான்.

இந்த நோய் மீனிலிருந்து மனிதருக்குத் தொற்றியதாக எங்கும் பதிவில்லை. அதே குளத்தில் புண்ணில்லாமல் பிடிபடும் மீனை நன்றாக வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆழமாக அழுகிய மீனை மட்டும் வேண்டாம். அதில் வேறு கிருமிகள் பெருகியிருக்கும். அதைத் திரும்பக் குளத்தில் வீசுவதுதான் பெரும் பிழை. கரையிலிருந்து தள்ளிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும்.

பெரிய குளத்துக்கு மருந்து என்று போத்தலில் விற்கப்படும் எதையும் வாங்கிக் காசைக் கரைக்கவேண்டாம். அவ்வளவு நீருக்கு மருந்திட எவராலும் இயலாது. வீட்டோரத்துச் சிறு குளத்தில் மீன் வளர்ப்பவருக்கு மட்டும் வழியுண்டு. வங்காளதேசத்தில் ஏக்கரின் நூறிலொரு பங்கு நீர்ப்பரப்புக்கு ஒரு கிலோ சுண்ணாம்பும் ஒரு கிலோ உப்பும் இடும்படி விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது. சுண்ணாம்பு நீரின் புளிப்பை முறிக்கும். உப்பு வித்திகளுக்கு ஒவ்வாது. மழைக்கு முன்னரே இடுவது நல்லது. எனினும் சுட்ட சுண்ணாம்பை மீனிருக்கும் நீரில் நேரே கொட்டினால் மீன் செத்துவிடும். அளவையும் முறையையும் மீன்பிடி உத்தியோகத்தரிடம் கேட்டு அறிந்தபின் இடவேண்டும். கோடையில் குளம் வற்றும்போது அடியைக் காயவிட்டுச் சுண்ணாம்பு தூவினால் இன்னும் மலிவாக முடியும்.

இடம்பெயர்ந்து தங்கிய ஊரிலிருந்து சொந்த ஊருக்குத் திரும்புபவர்கள் ஒரு வாளியில் விரால் குஞ்சுகளையும் தூக்கிச் செல்வதைக் கண்டிருக்கிறோம். ஆசை புரிகிறது. ஆயினும் நோய் ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது அந்த வாளியில்தான். புண் வந்த குளத்து மீனையோ நீரையோ மற்றொரு குளத்துக்குக் கொண்டுபோகக்கூடாது. அங்கே நனைந்த வலையையும் வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்னரே வேறிடத்தில் போடவேண்டும்.