ஊசியும் முற்பணமும்

முழங்கால் வலிக்கு அக்குபங்சர் செய்யப்போன நானா ஒருவர் என்னிடம் யோசனை கேட்டார். இருபது தடவைக்கும் முற்பணம் கட்டினால் கழிவு உண்டாம். சீனி வருத்தக் குளிசையையும் விடலாமாம்.

"மயக்க மருந்தில்லாமல் சீனாவில் ஒப்பரேஷனே செய்தார்களே!" என்றார்.

1971இல் பீக்கிங்கில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வாலை அகற்றியதிலிருந்து பரவிய கதை இது. உண்மையில் வழமையான விறைப்பூசி போட்டே வெட்டினார்கள். அக்குபங்சர், இரண்டாம் இரவு வந்த வயிற்று உபாதைக்குத்தான்.

முழங்கால் வலி சிலருக்குக் குறைகிறது. போலியாகக் குத்தப்பட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு குறைந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. சீனிக்குக் குளிசையின் இடத்தை ஊசி பிடிக்காது.

"ஒவ்வொரு தடவையும் புது ஊசியா பாருங்கள், அன்றன்று காசு கொடுங்கள், குளிசையை விடாதீர்கள்" என்றேன்.

நானா சட்டைப்பையிலிருந்து பற்றுச்சீட்டை எடுத்தார். இருபதுக்கும் கட்டியிருந்தார்.