குனியாதீங்க, உட்காருங்க!

தம்பி தங்கைகளே, திருவனந்தபுரம் ஆரியசாலைப் பக்கம் விடியற்காலையில் லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? சாலைக் கம்போளத்தில் சுமடு தூக்கும் மாமா ஒருவர் தரையில் கிடந்த மூட்டையை எடுத்தார். இடுப்பை வளைக்கவே இல்லை. முழங்காலை மடக்கிக் கீழே உட்கார்ந்தார், மூட்டையை நெஞ்சோடு அணைத்தார், தொடை பலத்தில் எழுந்தார். இன்றைக்கு நாம் பேசப்போகிற ஓட்டத்துக்கு அவர்தான் வாத்தியார்.

இது வெறும் ஓட்டம் இல்லை. கையில் உறை, தோளில் ஒரு பை. வழியில் கிடக்கும் பாட்டிலையும் கவரையும் பொறுக்கிக்கொண்டே ஓட வேண்டும். சுவீடன் நாட்டில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் 2016இல் இப்படி ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். அவர்கள் மொழியில் பொறுக்குவதற்கும் மெல்ல ஓடுவதற்கும் உள்ள இரண்டு சொற்களை ஒட்டவைத்து 'ப்ளாகிங்' என்று பெயர் பிறந்தது. நம் நாட்டில் 2019 அக்டோபர் 2, காந்தியடிகளின் 150ஆவது பிறந்தநாள் அன்று, 'ஃபிட் இந்தியா ப்ளாகிங் ஓட்டம்' பல ஊர்களில் நடந்தது.

சரி, ஒரு பாட்டில் மூடி ரெண்டு மூணு கிராம்தானே, அதை எடுக்க எதற்கு மூட்டை தூக்கும் வித்தை? பாரம் மூடியில் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது! முழங்காலை மடக்காமல் குனியும்போது தலை, நெஞ்சு, கை எல்லாம் முன்னால் தொங்குகின்றன. அத்தனையையும் முதுகுத் தசை பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தத் தசை இருப்பதோ முதுகெலும்பின் நடுவிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி. 1 கிலோ எடை 50 செ.மீ. முன்னால் தொங்கினால், தசை 10 கிலோவுக்கு ஈடாக இழுத்தாக வேண்டும். நெம்புகோல் கணக்கு இது.

நம்பிக்கை வரவில்லையா? 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். ஒரு நிமிஷம் என்ன, பத்து நிமிஷம்கூட நிற்கலாம். இப்போது கையை நேராக நீட்டிப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் தோள் கெஞ்சும். பாட்டில் அதேதான், தூரம்தான் மாறியது.

உட்கார்ந்து எழும்போது முன்தொடைத் தசையும், உடம்பிலேயே பெரிய தசையான பிட்டத் தசையும் வேலை செய்கின்றன. சும்மா ஓடினால் முழங்கால் இவ்வளவு தூரம் மடங்காது. நூறு குப்பை பொறுக்கினால் நூறு தோப்புக்கரணம்! இடையிடையே நின்று கையில் நாடியைத் தொட்டு 15 விநாடி எண்ணி, நாலால் பெருக்குங்கள், ஒரு நிமிஷத்துக்கான துடிப்பு கிடைக்கும். அது ஓடும்போது ஏறுவதும் நிதானித்தால் இறங்குவதும் உங்கள் விரலுக்கே தெரியும்.

மறுபடி அந்த மூடிக்கு வருவோம். மழை பெய்து சில நாள் கழித்து, மல்லாந்து கிடக்கும் மூடி ஒன்றை உற்றுப் பாருங்கள். ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட இருக்காது, ஆனால் அதற்குள் கூத்தாடிப் புழுக்கள் நெளியலாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு தண்ணீர் போதும். வெயில் காலத்தில் முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். அதற்குள் நீங்கள் அந்த வழியே ஓடி மூடியை எடுத்துவிட்டால் அந்தக் கொசு பறக்கவே பறக்காது.

உடைந்த கண்ணாடி, ஊசி, மருந்துக் குப்பி ஆகியவற்றைத் தொடவே கூடாது. கூட வரும் பெரியவர்களிடம் காட்டுங்கள். ஓடைக்குள் இறங்கவும் கூடாது. பொறுக்கிய பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து, வீட்டுக்கு வரும் ஹரித கர்ம சேனை அக்காமாரிடம் கொடுங்கள். இந்த ஊரின் குப்பையை நாள்தோறும் சுமப்பவர்கள் அவர்கள். நாம் ஒரு காலையில் செய்வது அவர்களுக்குக் கைகொடுப்பதுதான்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சோதனை. ஒரு டம்ளர் தண்ணீரில் பாட்டில் மூடியையும், பெரியவர்கள் வெட்டித் தந்த பாட்டில் துண்டையும் போட்டு, இரண்டையும் நன்றாக அமுக்கி நனைத்து விடுங்கள். பாட்டில் துண்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மூடி மேலே வந்து மிதக்கும். பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் தண்ணீரைவிட அடர்த்தி கூடியது. மூடிகள் பெரும்பாலும் அடர்த்தி குறைந்த வேறு பிளாஸ்டிக். அதனால் பாட்டில் துண்டு ஓடையின் அடியில் தங்கி அடைக்கும். மூடியோ மிதந்து கிள்ளியாற்றுக்குப் போகும், அங்கிருந்து கரமனையாறு, கோவளம் பக்கம் அரபிக்கடல். கடலின் உப்புத் தண்ணீர் இன்னும் அடர்த்தி, அங்கேயும் மூழ்காது. வெயிலில் நொறுங்கி 5 மில்லிமீட்டருக்கும் சின்னத் துகளானபின் அதை யாராலும் பொறுக்க முடியாது. அதனால் ஓடையோரம் ஒரு மூடி கிடந்தால், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அதை முதலில் எடுங்கள்.