ஒரே இடம், மூன்று காலம்: மாதாப்பூரின் பாறைகளும் படங்களும்

ஹைதராபாத் நகரின் மேற்குப் பகுதியான மாதாப்பூரில் நடந்து செல்பவர் அரை மணி நேரத்திற்குள் மூன்று காலங்களைக் கண்டுவிடலாம். சாலை வளைவில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் கருங்கற்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. அவற்றுக்கு அப்பால் தெரியும் வட்டவடிவ சைபர் டவர்ஸ் கட்டடத்தை 1998 நவம்பரில் அன்றைய பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் திறந்துவைத்தார். இரண்டுக்கும் இடையே, இன்னும் கட்டப்படாத ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் படம் விளம்பரப் பலகையில் ஒளிர்கிறது. அதன் மாடத்தில் ஒரு குடும்பம் தேநீர் அருந்துகிறது. கீழே ஏரி நீலமாகக் கிடக்கிறது. எட்டிய தொலைவு வரை மரங்கள். பக்கத்து மனையில் வேறு கட்டடம் ஏதுமில்லை.

அந்தப் படத்தை நம்பித்தான் இன்று பலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீளும் வீட்டுக் கடனுக்குக் கையெழுத்திடுகிறார்கள். ஓர் இடத்தின் நேற்றைய படம், இன்றைய படம், நாளைய படம் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது கலைஞர்களின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் எண்ணுவோம். மாதாப்பூரைப் பொறுத்தவரை அது வீடு வாங்குபவருக்கும் வேண்டிய பழக்கமாகிவிட்டது.

முதலில் நேற்றைய படங்கள். ஹைதராபாத்தின் பழைய முகத்தை நாம் இன்று காண முடிவதற்குப் பெரிதும் காரணமானவர் ராஜா லாலா தீன் தயாள். 1844-இல் பிறந்த இவர் ரூர்க்கியில் பொறியியல் பயின்று, இந்தூரில் பொதுப்பணித் துறையில் வரைவாளராகப் பணியைத் தொடங்கினார். இனி எழப்போகும் கட்டடங்களைக் கோடுகளாக வரைந்த அதே கை பின்னர் புகைப்படக் கருவியைப் பிடித்தது. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் அவரைத் தம் அரசவைப் புகைப்படக் கலைஞராக்கினார். 1886-இல் செகந்திராபாத்தில் அவருடைய நிழற்பட நிலையம் இயங்கத் தொடங்கியது. அவருடைய கண்ணாடித் தகட்டு எதிர்மறைகள் 2,857-ஐ 1989-இல் புதுதில்லியின் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் வாங்கியது. அரண்மனைகளும் கோட்டைகளும் வேட்டை முகாம்களும் அத்தொகுப்பில் உள்ளன. மாதாப்பூர் போன்ற பாறைக்காட்டுச் சிற்றூர்களுக்காகத் தகடு செலவழிக்க அக்காலத்தில் எவருக்கும் காரணம் இருக்கவில்லை. யாரும் அழியும் என்று எண்ணாத நிலத்தை யாரும் படமெடுத்து வைப்பதில்லை.

தமிழ்நாடு இவ்வகையில் சற்றுப் பேறு பெற்றது. தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இரு ஆங்கில ஓவியர்கள் 1792-இல் சென்னையிலிருந்து குமரி முனை வரை பயணம் செய்து கோயில்களையும் மலைகளையும் வரைந்தனர். இருட்டுப் பெட்டி ஒன்றில் துளை வழியே விழும் பிம்பத்தைத் தாளில் பின்பற்றி வரையும் கருவியை அவர்கள் பயன்படுத்தினர். ஆதலால் அவர்களுடைய ஓவியங்களில் அளவுகள் பெரிதும் பிசகுவதில்லை. அவர்களுடைய 144 அச்சுப் படங்கள் 1795 முதல் 1808 வரை வெளிவந்தன. இரு நூற்றாண்டுகள் கழித்து, 1990-களின் நடுவில், அந்தோனியோ மார்ட்டினெல்லி என்ற இத்தாலியப் புகைப்படக் கலைஞர் அந்த ஓவியங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் நின்ற இடங்களைத் தேடிச் சென்று, அதே கோணத்தில் படமெடுத்தார். சில இடங்களில் கோயில் அப்படியே இருந்தது. சில இடங்களில் மின்கம்பமும் கடைவரிசையும் முன்னே வந்து நின்றன.

1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி தஞ்சை, திருச்சி, மதுரை ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கும் மேலான ஒரே நீள்படமாக ஆக்கினார். ஆனால் அவருடைய படங்களில் மிதக்கும் மேகங்களை முழுதும் நம்பிவிடக் கூடாது. அக்காலத்துக் காகித எதிர்மறையில் வானம் வெறுமையாகவே பதியும். டிரைப் தூரிகை கொண்டு மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். புகைப்படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கைக்கு அப்போதே விரிசல் விழுந்துவிட்டது.

பழைய படம் எடுக்கப்பட்ட அதே புள்ளியைக் கண்டுபிடிப்பது எப்படி? இதை ஒரு முறையான கலையாக வளர்த்தவர்களில் அமெரிக்காவின் மார்க் கிளெட்டும் அவருடைய தோழர்களும் முக்கியமானவர்கள். 1870-களில் அமெரிக்க மேற்குப் பகுதியின் நில ஆய்வுக்காக எடுக்கப்பட்ட படங்களை அவர்கள் 1977 முதல் 1979 வரை மீண்டும் எடுத்தனர். இருபது ஆண்டுகள் கழித்து மூன்றாம் முறையும் சென்றனர். வழி எளிது, பொறுமை மட்டும் வேண்டும். பழைய படத்தில் அருகிலுள்ள ஒரு பாறையின் விளிம்பும் தொலைவிலுள்ள குன்றின் முகடும் எப்படிச் சேர்ந்து தெரிகின்றனவோ, அப்படியே சேரும்வரை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர வேண்டும். ஓரடி தவறினாலும் அந்தச் சேர்க்கை கலைந்துவிடும். பிறகு நிழல்கள். நிழலின் நீளமும் சாய்வும் ஒத்துவர, அதே மாதத்தில் அதே நேரத்தில் எடுக்க வேண்டும். கைப்பேசி ஒன்றே இதற்குப் போதும்.

மாதாப்பூரில் இந்த முறைக்கு நல்ல ஊன்றுகோல் அதன் பாறைகள். நிலத்தடியில் இறுகிய கருங்கல்லின் வெடிப்புகள் வழியே நீர் புகுந்து, மூலைகளை அரித்து, கட்டங்களை உருண்டைகளாக்கி, சுற்றியிருந்த மண்ணை மழை அடித்துச் சென்றபின் எஞ்சியவையே ஒன்றன்மேல் ஒன்றாகத் தங்கி நிற்கும் இந்தக் கற்கள். யாரோ அடுக்கி வைத்தது போலத் தோன்றும், அடுக்கியவர் எவருமில்லை. நகரம் மேற்கே விரிந்தபோது இவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, சல்லியாக உடைக்கப்பட்டு, அதே இடத்துக் கட்டடங்களுக்குள் சென்றன. இதைக் கண்டு மனம் பொறாத ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் சேர்ந்து 1996-இல் பாறைகளைக் காக்கும் சங்கத்தை அமைத்தனர். ஜெர்மனியிலிருந்து வந்து ஹைதராபாத்தில் குடியேறிய பிரௌகே காதரும், மாநிலத் தலைமைச் செயலாளராக இருந்த நரேந்திர லூதரும் அதன் முன்னணியில் நின்றனர். கண்காட்சிகளும் பாறை நடைகளுமே அவர்களுடைய கருவிகள். நகர வளர்ச்சிக் குழுமத்தின் பாரம்பரியப் பட்டியலில் 9 பாறை அமைப்புகள் இடம்பெற்றன. மாதாப்பூர் சில்பாராமம் வளாகத்துக்குள் நிற்கும் ‘கரடி மூக்கு’ அவற்றில் ஒன்று. துர்கம் செருவைச் சூழ்ந்த குன்றுகள் இன்னொன்று. அப்பட்டியலுக்கு அடிப்படையான விதி 2015-இல் நீக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

துர்கம் செருவு, அதாவது கோட்டை ஏரி, குதுப் ஷாஹிகள் காலத்தில் கோல்கொண்டாவுக்குக் குடிநீர் தந்த நீர்நிலை. பாறைக் குன்றுகளுக்கு இடையில் மறைந்து கிடந்ததால் ‘ரகசிய ஏரி’ என்றும் அழைக்கப்பட்டது. இன்று அதில் ரகசியம் ஏதுமில்லை. ஜூபிலி ஹில்ஸையும் மாதாப்பூரையும் இணைக்கும் கம்பிவடப் பாலம் 2020 செப்டம்பரில் அதன்மேல் திறக்கப்பட்டது. இரவில் பாலத்தின் வண்ண விளக்குகள் நீரில் விழும் காட்சியே இப்போது நகரின் அடையாளப் படம். அழகிய படம்தான். ஆனால் அப்படம் காட்டாத ஒரு கோடு அந்த ஏரியைச் சுற்றி இருக்கிறது: முழு நீர்மட்டக் கோடு. ஏரி நிரம்பும்போது நீர் எட்டக்கூடிய எல்லை அது. பெருநகர் விதிகளின்படி, 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகளில் அக்கோட்டுக்கு வெளியே மேலும் 30 மீட்டர் காப்புப் பகுதியாக விடப்பட வேண்டும். 2024 ஆகஸ்டில் இந்த ஏரியைச் சுற்றியுள்ள குடியிருப்புகளின் பல வீடுகளில், அவை அக்கோட்டுக்குள் இருப்பதாகக் கூறி வருவாய்த் துறையினர் அறிவிப்பு ஒட்டினர். உரிய அனுமதியுடன் கட்டினோம் என்பது குடியிருப்போரின் வாதம்; விவகாரம் உயர் நீதிமன்றம் சென்றது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. எனினும், ஓர் ஏரியின் பழைய எல்லையைக் காட்டும் படம் வீட்டுப் பத்திரத்துக்கு நிகரான ஆவணமாகிவிட்டதை அந்த அறிவிப்புகள் உணர்த்தின.

இனி நாளைய படங்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஹம்ப்ரி ரெப்டன் என்ற தோட்ட வடிவமைப்பாளர் தம் வாடிக்கையாளருக்குச் சிவப்புத் தோலட்டையிட்ட நூல் ஒன்றைத் தயாரித்துக் கொடுப்பார். அதில் அவர்களுடைய நிலத்தின் இன்றைய தோற்றம் நீர்வண்ணத்தில் இருக்கும். படத்தின் மேல் ஒரு தாள் மடிப்பு. அதைத் தூக்கினால் அதே நிலம், ரெப்டனின் திட்டப்படி மாறிய பின்! தம் சொந்தக் குடிசையின் முன்காட்சியையும் அவர் இப்படி வரைந்து 1816-இல் அச்சிட்டார். மடிப்பு மூடியிருக்கும்போது இறைச்சிக்கடையும் வேலியோரத்தில் ஒரு பிச்சைக்காரரும் தெரிகின்றனர். தூக்கினால் ரோஜாக்கள், கடையும் இல்லை, பிச்சைக்காரரும் இல்லை. அவர் எங்கே போனார் என்று படம் சொல்வதில்லை.

கட்டுமான நிறுவனங்கள் இன்று கணினியில் வரையும் மாதிரிப் படங்கள் ரெப்டனின் மடிப்புக்குப் பேரப்பிள்ளைகள். ஒரு வேறுபாடு உண்டு. ரெப்டன் ‘முன்’ படத்தையும் கூடவே வைத்தார். விற்பனைக் கையேட்டில் பெரும்பாலும் ‘பின்’ மட்டுமே இருக்கிறது. மனையில் இருந்த பாறை அதில் இல்லாமல் போகும், அல்லது தோட்டத்து அலங்காரக் கல்லாகச் சுருங்கும்.

இப்படங்களுக்குச் சட்டத்தின் பிடி இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது நாம் ‘ரெரா’ என்று அழைக்கும் சட்டம், அதன் 12-ஆம் பிரிவில், விளம்பரத்திலோ கையேட்டிலோ மாதிரி வீட்டிலோ கண்ட பொய்யான கூற்றை நம்பி முன்பணம் செலுத்தி இழப்புற்றவருக்கு நிறுவனம் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. திட்டத்திலிருந்து விலக விரும்பினால் செலுத்திய முழுத்தொகையையும் வட்டியுடன் பெறலாம். ஒப்புதல் பெற்ற பொது வரைபடத்தை மாற்ற, வாங்கியோரில் மூன்றில் இரு பங்கினரின் எழுத்துவழி இசைவு வேண்டும் என்கிறது 14-ஆம் பிரிவு. வாங்குவோர் செலுத்தும் தொகையில் 70 விழுக்காடு தனி வங்கிக் கணக்கில் வைக்கப்பட்டு, அத்திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிடப்பட வேண்டும். ஆனால் ஒப்புதல் வரைபடம் திட்டத்தின் வேலியோடு முடிந்துவிடும். வேலிக்கு அப்பால் படத்தில் தீட்டப்பட்ட ஏரிக்காட்சியும் வெற்று மனையும் அதற்குள் வருவதில்லை. மாடத்திலிருந்து தெரியும் ஏரி, அடுத்த மனைக்காரர் கட்டத் தொடங்கும் நாள் வரைதான்.

எனவே கையெழுத்திடுமுன், கையேட்டின் படத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே சென்று, அதே திசையில் ஒரு புகைப்படம் எடுப்பது நல்லது. கூகுள் எர்த் செயலியில் காலத்தைப் பின்னோக்கி நகர்த்தினால் அதே மனையின் பழைய செயற்கைக்கோள் படங்களைக் காணலாம். இஸ்ரோவின் புவன் தளமும் உதவும். மழைக்காலப் படத்தையும் கோடைப் படத்தையும் ஒப்பிட்டால் நீர் எங்கே தேங்குகிறது என்பது புலப்படும். பெருநகர் வளர்ச்சி ஆணையத்தின் ஏரி எல்லை வரைபடத்தையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். இவை வழக்கறிஞரின் பத்திர ஆய்வுக்கு மாற்று அல்ல. அவரிடம் சரியான கேள்வியைக் கேட்க உதவுபவை.

படங்களின் நம்பகத்தன்மை பற்றி ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2025 மார்ச் இறுதியில், மாதாப்பூருக்கு அருகிலுள்ள காஞ்சா கச்சிபவுலியில் 400 ஏக்கர் நிலத்தில் மரங்கள் அகற்றப்பட்டன. ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் பணிகளை நிறுத்தி வைத்தது. அந்நாட்களில் உண்மையான காணொளிகளோடு, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட படங்களும் சமூக ஊடகங்களில் கலந்து பரவின. பொய்ப்படங்கள் சில இருந்ததால், மெய்யான படங்களும் ஐயத்துக்கு உள்ளாயின. டிரைப்பின் மேகங்கள் எவருக்கும் தீங்கு செய்யவில்லை, இவை செய்தன.

அதனால்தான் சாதாரணக் குடும்பப் படங்களின் மதிப்பு உயர்கிறது. 1990-களில் மாதாப்பூருக்கு வேலைக்கு வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் ஆல்பங்களில், பாறைமேல் அமர்ந்த பிள்ளைகளின் பின்னணியாக அன்றைய நிலம் தற்செயலாகப் பதிந்திருக்கும். அப்படங்களின் பின்புறம் ஆண்டு, இடம், நோக்கிய திசை ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதி வைக்கலாம். மாதாப்பூரின் மாநிலக் கலைக்கூடத்தில் இந்தியப் புகைப்பட விழா நடந்துவருகிறது. அங்கு சென்று திரும்பும் வழியில் சில்பாராமத்துக்குள் நுழைந்தால், கரடி மூக்குப் பாறையின் முன் நின்று அடுத்த படத்தை எடுத்துவிடலாம். பாறையை மட்டும் நெருங்கி எடுக்காமல், பின்னால் எழுந்துள்ள கண்ணாடிக் கோபுரங்களும் சட்டத்துக்குள் வருமாறு சற்றுத் தள்ளி நின்று எடுப்பது நலம்.