ஜால்னாவில் பிறந்த அடிபம்பு

நம் ஊர்த் தெருமுனைகளில் நீண்ட கைப்பிடியுடன் நிற்கும் இரும்பு அடிபம்பின் பெயர் ‘இந்தியா மார்க் 2’. ஆப்பிரிக்கக் கிராமங்கள் வரை போய்ச் சேர்ந்த பம்பு இது. இதன் வேர், மகாராஷ்டிரத்து ஏழைகளுக்குக் குடிநீர் தேடிய கிறிஸ்தவ மிஷன் பணியில் இருக்கிறது.

ஏன் தொடங்கினார்கள்?

ஜால்னா இருக்கும் மராத்வாடா, எரிமலைப் பாறை பூமி. 1960களில் மழை பொய்த்தபோது திறந்த கிணறுகள் வற்றின. அடியில் மிஞ்சிய கலங்கல் நீரைக் குடித்தவர்களை வயிற்றுப்போக்கு வாட்டியது. பொதுக் கிணற்றில் தலித் மக்கள் குடம் இறக்கவே கூடாது என்ற ஊர்களும் இருந்தன. ஜால்னாவில் ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷன், காற்றழுத்தத்தால் பாறையைத் துளைக்கும் இயந்திரங்களைக் கொண்டு போர் போடத் தொடங்கியது. பாறை வெடிப்புகளில் தேங்கிய நீர் கிடைத்தது. மேல்மண் அழுக்கு அதில் எளிதில் கலப்பதில்லை.

தண்ணீர் வந்த பிறகு என்ன சிக்கல்?

பம்புதான். அப்போது பொருத்தப்பட்டவை வார்ப்பிரும்புப் பம்புகள். ஒரு வீட்டுக்காரர் நாளுக்கு நாலு முறை அடிக்கச் செய்தவை அவை. ஊரே வரிசையில் நின்று விடியலிலிருந்து இருட்டும்வரை அடித்தால் தாங்குமா? மூட்டுகள் தேய்ந்தன, கைப்பிடி முறிந்தது. 1974இல் யுனிசெஃப் பார்த்தபோது ஏறக்குறைய முக்கால்வாசி பம்புகள் பழுதாகிக் கிடந்தன.

எப்படிச் சரிசெய்தார்கள்?

போர் போட்டவர்களே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனதால், எது உடைகிறது என்பதைக் கண்ணால் கண்டார்கள். ஜால்னாவில் எஃகில் புதிய பம்பு செய்தார்கள். பல மூட்டுகளுக்குப் பதில் ஒரே அச்சு. அதைச் சோலாப்பூரில் ஆஸ்கார் கார்ல்சன் என்ற ஸ்வீடன்காரர் மேலும் மேம்படுத்தினார். கைப்பிடியின் முனையில் வில்போல் வளைந்த பகுதி, அதன்மேல் சங்கிலி, சங்கிலியில் தொங்கும் கம்பி. கைப்பிடியை அமுக்கினால் கம்பி பக்கவாட்டில் ஆடாமல் நேராக மேலே வரும். அதனால் தேய்மானம் குறைவு.

இதை அடிப்படையாக வைத்து யுனிசெஃபும் அரசும் ‘மார்க் 2’வை உருவாக்கின. சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது; கோவை வட்டாரத்தில் சோதனை நடந்தது. காப்புரிமை இல்லாததால் எந்தப் பட்டறையும் செய்யலாம். சுமார் 50 மீட்டர் ஆழத்து நீரையும் ஒரு பெண் தனியாக அடித்து எடுக்க முடிந்தது.

பம்பு நட்டால் போதுமா?

போதாது. சில பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். தெளிவாகத் தெரியும் அந்த நீரே பல்லையும் எலும்பையும் கெடுக்கும். மார்க் 2வில் உள்ளே ஒரு வாஷர் தேய்ந்தாலும் குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் பிறகு ‘மார்க் 3’ வந்தது.

இன்று உங்கள் சபை ஏதாவதொரு ஊருக்குக் குடிநீர் கொடுக்கக் காணிக்கை திரட்டினால், நான்கு கேள்விகள் கேளுங்கள். நீரைச் சோதித்தார்களா? உதிரிபாகம் பக்கத்துக் கடையில் கிடைக்குமா? பழுது பார்க்க உள்ளூரில் ஆள் பழக்கியிருக்கிறார்களா? எல்லாச் சாதியினரும் தடையில்லாமல் வந்து எடுக்கும் இடத்தில் பம்பு நிற்கிறதா? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகே திறப்பு விழாவுக்குத் தேதி குறியுங்கள்.