கங்கைக் கரையில் ஒரு கிராமம்



ஊர் என்றால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். மனிதர்கள்தாம் வருவார்கள், போவார்கள். நாம் பொதுவாக அப்படித்தான் எண்ணுகிறோம். ஆனால் மனிதர்கள் இருக்க, ஊர் போய்விடுகின்ற இடங்களும் உலகில் உண்டு. அத்தகைய ஓர் இடத்தைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம். இந்தியாவில், மேற்கு வங்க மாநிலத்தின் மால்டா மாவட்டத்தில், கங்கையாற்றின் இடக்கரையில் உள்ளது அந்த ஊர். அதன் பெயர் பஞ்சானந்தபூர்.

இடக்கரை என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்கலாம். ஆறு ஓடும் திசையை நோக்கி நாம் நின்றால், நம் இடக்கைப் பக்கம் இருப்பது இடக்கரை. வலக்கைப் பக்கம் இருப்பது வலக்கரை. இந்த இரு சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இமயமலையில் பிறக்கும் கங்கை, சுமார் 2,500 கிலோமீட்டர் ஓடிக் கடலை அடைகிறது. நீண்ட தூரம் கிழக்கு நோக்கியே வரும் ஆறு, ராஜ்மகால் குன்றுகள் என்ற கருங்கல் மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில், வலக்கரையில் மலை. இடக்கரையில் மால்டா மாவட்டத்தின் சமவெளி. கல்கத்தா நகரிலிருந்து சாலை வழியாக வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் போனால் மால்டாவை அடையலாம்.

மால்டா மக்கள் தங்கள் மாவட்டத்து நிலத்தை மூன்று வகையாகப் பிரித்துச் சொல்வார்கள். கிழக்கே சற்று உயர்ந்து, செம்மை கலந்த பழைய களிமண்ணாக இருப்பது பாரிந்த். வடமேற்கே தாழ்ந்து, மழைக்காலத்தில் நீர் தேங்கி நிற்பது தால். கங்கைக் கரையை ஒட்டி, ஆறு கொண்டுவந்து கொட்டிய புது வண்டலால் ஆனது தியாரா. பஞ்சானந்தபூர் இந்தத் தியாரா நிலத்தில் உள்ளது.

நமது தோட்டத்து மண்ணை வெட்டினால் மண்வெட்டி கல்லில் பட்டு 'ணங்' என்று ஒலிக்கும். தியாரா மண்ணில் அப்படி ஒரு கல்லைக் காண்பது அரிது. தோண்டத் தோண்ட வண்டலும் மணலுமே வரும். ஆண்டுதோறும் வெள்ளம் புது வண்டலைப் பரப்பிவிட்டுப் போவதால் விளைச்சலுக்குக் குறைவில்லை. நெல், கோதுமை, கடுகு, சணல் எல்லாம் விளைகின்றன. மால்டாவின் மாம்பழம் இந்தியா முழுவதும் பேர்பெற்றது. பட்டுப்பூச்சிக்குத் தீனியாக முசுக்கட்டைச் செடியும் இம்மாவட்டத்தில் பயிராகிறது.

சணல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சாக்கு. நம் தோட்டங்களுக்கு அரிசி வந்த கோணிச் சாக்குகளை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலகத்துச் சாக்குகளில் பெரும்பங்குக்கு நார் கொடுத்தது இந்த வங்கத்து ஆற்றங்கரை நிலந்தான். ஆளைவிட உயரமாக வளரும் சணலை வெட்டி, கட்டுக் கட்டாகக் குட்டையில் அமிழ்த்தி, இரண்டு மூன்று வாரம் ஊறவைத்து, இடுப்பளவு நீரில் நின்று நாரை உரித்தெடுப்பார்கள். நார் விலைக்குப் போகும். எஞ்சிய குச்சி அடுப்புக்கும் வேலிக்கும் வீட்டுச் சுவருக்கும் ஆகும்.

இனி, இத்தகைய ஊர்களின் அமைப்பைப் பார்ப்போம். ஆற்றோரம் தாழ்வாக இருக்கும், ஆற்றைவிட்டு விலக விலக நிலம் உயரும் என்று நாம் நினைப்போம். மலைநாட்டில் அது சரி. வண்டல் சமவெளியில் அது நேர்மாறு. வெள்ளம் கரையைத் தாண்டி வழியும்போது அதன் வேகம் சட்டென்று குறைகிறது. வேகம் குறைந்ததும், கனமான மணலையும் வண்டலையும் கரையோரத்திலேயே போட்டுவிடுகிறது. மெல்லிய சேறு மட்டும் தூரம் போகிறது. இப்படிப் பல நூறு ஆண்டுகள் நடந்ததால் கரையோரமே மேடாகவும், உள்ளே போகப் போகப் பள்ளமாகவும் அமைந்துவிடுகிறது. அந்தப் பள்ளங்களில் நீர் தேங்கிச் சதுப்பு நிலமாகக் கிடக்கும்.

ஆகவே, "ஆற்றங்கரையில் போய் ஏன் வீடு கட்டினார்கள்?" என்று கேட்பது பொருந்தாது. வெள்ளத்திற்குத் தப்பும் மேட்டு நிலம் அங்கேதான் இருக்கிறது. படகுத்துறையும் மீனும் சந்தையும் அங்கேதான். முன்னாளில் பஞ்சானந்தபூர் படகு வணிகம் நடந்த துறையாக இருந்தது. மக்கள் வீடு கட்டுமுன் குளம் வெட்டுவார்கள். வெட்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டின்மேல் வீடு எழுப்புவார்கள். குளம் மீனுக்கும் குளிக்கவும் ஆகும். மூங்கிலும் சணல் குச்சியும் தகரமும் கொண்டு கட்டும் வீட்டை, தேவைப்பட்டால் ஒரே நாளில் கழற்றிவிடலாம். இப்படி இலேசாகக் கட்டுவதற்குத் தக்க காரணம் இருக்கிறது.

அந்தக் காரணம் கரை இடிதல். வங்காளத்தில் அதைப் 'பாங்கன்' என்பார்கள். உடைதல் என்று பொருள். வெள்ளம் வந்தால் வீடு நனையும். நீர் வடிந்தபின் வீடும் நிலமும் இருக்கும். கரை இடிந்தாலோ வீடு, தோப்பு, வயல் ஆகிய எதுவுமே எஞ்சாது.

கரை எப்படி இடிகிறது? இதைப் பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓர் அகன்ற தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு விரல் உயரத்திற்கு ஈர மணலைப் பரப்புங்கள். அதன்மேல் இரண்டு விரல் கனத்திற்குக் களிமண்ணை அப்புங்கள். இதுதான் தியாராக் கரை. மேலே வண்டலும் களியும், கீழே பொடி மணல். இப்போது குவளையால் நீரை மணல் பக்கமாக மெல்ல ஊற்றுங்கள். களிமண் அப்படியே நிற்கும். அடியில் உள்ள மணல் கரைந்து போகும். சிறிது நேரத்தில் களிமண் அந்தரத்தில் கூரைபோல் நீண்டு நிற்கும். பிறகு திடீரென்று பிளந்து, பாளமாக விழும்.

கங்கையிலும் இதுவே நடக்கிறது. ஆறு வளையும் இடத்தில், வளைவின் வெளிப்பக்கம் நீர் விசையாக மோதி அடிமணலை அரிக்கிறது. வளைவின் உட்பக்கம் விசை குறைவதால் அங்கே மணல் சேர்கிறது. ஆகவே ஒரு பக்கம் கரை கரைந்து, மறுபக்கம் நிலம் வளர்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரை இடிவது வெள்ளம் ஏறும்போது மட்டுமன்று. வெள்ளம் வடியும்போதும் இடிகிறது. மழைக்காலத்தில் கரைமண் முழுவதும் நீரைக் குடித்து ஊறியிருக்கும். ஆற்று நீர் இறங்கியதும், மண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியே கசிந்து, மணலையும் இழுத்துக்கொண்டு வரும். வெயில் அடித்து வானம் வெளுத்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று எண்ணும் நாளிலும் வீட்டு முற்றத்தில் விரிசல் காணும்.

ஆறு ஏன் பஞ்சானந்தபூர்ப் பக்கம் சாய்ந்தது? இதற்குக் காரணங்கள் பல. வலக்கரையில் ராஜ்மகால் குன்றுகளின் கருங்கல் இருக்கிறது. அதை ஆற்றால் எளிதில் அரிக்க முடியாது. எதிரே இருப்பதோ இளகிய வண்டல். சாய வேண்டுமானால் ஆறு இடப்பக்கமே சாய முடியும்.

அடுத்தது பராக்கா அணை. கல்கத்தாத் துறைமுகம் ஊக்ளி ஆற்றில் உள்ளது. அதில் வண்டல் படிந்து கப்பல் வருவது கடினமாயிற்று. கங்கை நீரைத் திருப்பிவிட்டால் வண்டல் அடித்துச் செல்லப்படும் என்று கருதி, பஞ்சானந்தபூருக்குக் கீழே, பராக்கா என்னுமிடத்தில் சுமார் 2 கிலோமீட்டர் 240 மீட்டர் நீளமுள்ள அணையைக் கட்டினார்கள். 1961இல் வேலை தொடங்கி, 1975இல் அணை பயனுக்கு வந்தது. சுமார் 38 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் ஒன்று அங்கிருந்து நீரைக் கொண்டுபோகிறது. அணைக்கு மேற்பக்கம் நீர் தேங்கி வேகம் குறைந்தது. வேகம் குறைந்ததும் வண்டல் படிந்தது. ஆற்றின் நடுவே மணல் திட்டுகள் பெருகி, நீரோட்டம் இடக்கரைப் பக்கம் ஒதுங்கியது. இவ்வாறு நேரும் என்று அணை கட்டுமுன்பே எச்சரித்தவர் கபில் பட்டாச்சார்யா என்ற வங்கப் பொறியாளர். அவர் பேச்சு அன்று எடுபடவில்லை. இலிஷ் என்னும் மீன் கடலிலிருந்து கங்கையில் ஏறி நெடுந்தூரம் வருவது வழக்கம். நம் நாட்டுத் தெருபோக் மீனின் இனத்தைச் சேர்ந்தது அது. அணை அதன் வழியையும் மறித்தது.

எல்லாப் பழியையும் அணையின்மேல் போடுவதும் முறையாகாது. அணைக்கு முன்பும் கங்கை இடம் மாறிய ஆறுதான். வங்கத்தின் பழைய தலைநகரான கௌர் இதே மால்டா மாவட்டத்தில் பாழடைந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் அந்நகரை ஒட்டி ஓடிய கங்கை மெல்ல மேற்கே விலகிப்போனது. 1575இல் கொள்ளைநோயும் தாக்கவே நகரம் வெறிச்சோடியது. அன்று மேற்கே போன ஆறு, நம் காலத்தில் கிழக்கே திரும்பியிருக்கிறது. இயல்பாகவே அலையும் ஆற்றின் போக்கை அணை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது என்று சொல்வதே பொருந்தும். பஞ்சானந்தபூர் அருகே பாக்லா என்ற சிற்றாறும் உண்டு. பாக்லா என்றால் பித்தன். கரை அரித்து கங்கை இந்தப் பித்தனோடு சேர்ந்துவிட்டால், அணையைச் சுற்றிக்கொண்டு புதுவழியில் ஓடிவிடுமோ என்ற அச்சமும் பொறியாளர்களுக்கு இருந்துவந்தது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. கரைக்கு இணையாக மண் அணை போட்டார்கள். ஆறு அதை விழுங்கியபோது பின்னால் தள்ளி இன்னோர் அணை போட்டார்கள். அதுவும் போனபின் மற்றொன்று. கம்பி வலையில் கல்லைக் கட்டி ஆற்றில் இறக்கினார்கள். அடியில் மணல் போய்விட்டால் கல் நிற்பதற்கு இடமேது? 1990களின் கடைசி ஆண்டுகளில் பஞ்சானந்தபூரில் கரை இடிதல் மிகக் கடுமையாக இருந்தது. பழைய ஊரில் பெரும்பகுதி ஆற்றுக்குள் போயிற்று.

இடிந்த மண் எங்கே போயிற்று? ஒரு பகுதி ஆற்றின் நடுவிலும் எதிர்ப்பக்கத்திலும் திட்டாக எழுந்தது. இத்திட்டுகளைச் 'சர்' என்பார்கள். முதலில் வெறும் மணல். பிறகு நாணல் முளைக்கும். வண்டல் படிந்ததும், உழாமலேயே ஈரச் சேற்றில் உளுந்தைத் தூவி விளைவிப்பார்கள். நிலம் இழந்த குடும்பங்கள் பல படகேறிச் சரில் போய்க் குடிசை போட்டன.

அந்தச் சர் யாருக்குச் சொந்தம்? 1825ஆம் ஆண்டிலேயே, ஆங்கிலேயர் ஆட்சியில், இதற்கென வங்கத்தில் ஒரு சட்டம் எழுந்தது. கரையோடு ஒட்டி மெல்ல மெல்ல மண் சேர்ந்து நிலம் வளர்ந்தால், அது பக்கத்து நிலக்காரருக்குச் சேரும். பெரிய ஆற்றின் நடுவே திட்டு எழுந்து, அதற்கும் கரைக்கும் இடையே நடந்து கடக்க முடியாத ஆழம் இருந்தால், அது அரசாங்கத்திற்குரியது. "என் வயல் கரைந்த மண்தானே அங்கே எழுந்தது" என்று உழவர் சொல்வார். சட்டம் அந்தச் சொல்லைக் கேட்காது. எல்லையையும் ஏட்டையும் பார்க்கும்.

இத்துடன் மாநில எல்லைத் தொல்லையும் சேர்ந்தது. ஆற்றின் அக்கரை முன்பு பீகார் மாநிலம். 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஜார்க்கண்ட் மாநிலம். மால்டாவில் பிறந்து வங்காளம் பேசும் மக்கள், ஆறு நகர்ந்ததனால் அடுத்த மாநிலத்துக் கரையோரம் வாழ நேர்ந்தது. பள்ளிக்கூடம் எந்த மாநிலத்தினது? பங்கீட்டு அட்டை யார் தருவது? வாக்குச் சீட்டு எங்கே? ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைக் கைகாட்டும். நிலத்தோடு முகவரியும் போய்விட்டால் மனிதனுக்கு எத்தனை இடைஞ்சல் என்பதை நாம் விரிக்க வேண்டியதில்லை. தோட்டம் கைமாறியபோது வேலையோடு லயத்து வீட்டையும் விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு.

மால்டாவின் கரையோர மக்கள் தகரத்தையும் மூங்கிலையும் சுமந்துகொண்டு சாலையோரத்திலும், மண் அணையின் மேலும், பிறர் மாந்தோப்பிலும் குடியேறினார்கள். ஒரே வாழ்நாளில் பலமுறை வீடு மாற்றியவர்கள் அங்கே உண்டு. இளைஞர்கள் கட்டட வேலைக்காகத் தொலைதூர நகரங்களுக்குப் போகிறார்கள். பஞ்சானந்தபூர் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. பழைய ஊர் நின்ற மண்தான் அங்கே இல்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை இரண்டு. ஒன்று ஆற்றைப் பற்றியது. கரையின் வேரோட்டம்தான் கரைக்குக் காவல். கங்கைபோன்ற பேராற்றை மூங்கிலும் புல்லும் தடுத்துவிட மாட்டா. ஆனால் நம் தோட்டத்துச் சிற்றாறுகளுக்கு அவை போதும். செம்பனையை நீர் விளிம்புவரை நட்டு, கரைப் புல்லையும் மருந்தடித்து அழித்தால், சிற்றாறும் கரையை அரிக்கக் கற்றுக்கொள்ளும். கரையோரத்தில் ஒரு பட்டை நிலத்தை மூங்கிலுக்கும் புல்லுக்கும் விட்டுவைப்பது நல்லது. வெள்ளம் வடிந்த மறுநாள் பிள்ளைகளைக் கரை விளிம்பில் விளையாட விடாதீர்கள். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

மற்றொன்று ஏட்டைப் பற்றியது. பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றை நீர் புகாத பையில் போட்டு, ஒரே இடத்தில், எளிதில் எடுக்கக்கூடியதாக வையுங்கள். படி எடுத்து உறவினர் வீட்டில் ஒன்று கொடுத்து வைப்பது இன்னும் நல்லது. போன நிலத்தைக் கேட்டுப் போராடவும், புது இடத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும் கரையோர மக்களுக்கு உதவியவை இத்தகைய தாள்களே. அவை இல்லாதவர்கள் தாம் யார் என்பதையே மெய்ப்பிக்க அலைய வேண்டியதாயிற்று.

நேயர்களே, அடுத்த முறை வீட்டில் சணல் சாக்கு ஒன்றைக் கண்டால், அதன் நாரை இடுப்பளவு நீரில் நின்று உரித்த மக்களையும், அவர்கள் காலடியில் நழுவும் மண்ணையும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.