ஹவாசுபாய் மக்களின் இரத்தம் யாருக்குச் சொந்தம்?

இதயம், மூளை ஆகியவற்றின் நலன் பற்றிய ஆய்வுகளில் தொல்குடி மக்களையும் சேர்க்க வேண்டும் என்ற குரல் வட அமெரிக்காவில் வலுத்து வருகிறது. ஆனால் மாதிரிகளைத் தருவோராக மட்டும் சேர்ப்பதா, முடிவெடுப்போராகவும் சேர்ப்பதா?

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் மக்கள் சில நூறு பேரே. இதயத்தையும் மூளையையும் சேர்த்தே தாக்கும் நீரிழிவு அவர்களிடையே கடுமையாகப் பரவியிருந்தது. அதற்கு விடை கிடைக்கும் என்று நம்பியே, 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அவர்கள் இரத்தம் தந்தனர். அதே இரத்தம் மனச்சிதைவு நோய், மூதாதையரின் இடப்பெயர்ச்சி ஆகியவை குறித்த ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அம்மக்களின் நம்பிக்கை. தம் இறையாண்மைக்கு அடிப்படையாக அவர்கள் கருதுவதும் அதையே. அதற்கு எதிரான வாதத்துக்கு அவர்களின் இரத்தமே சான்றாக்கப்பட்டது. 2003இல் அச்சமூகப் பெண் ஒருவர் அப்பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டுத் தேர்வொன்றைக் காணச் சென்றபோதுதான் இது வெளிப்பட்டது.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் இருந்தது. நடத்தை, மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய்வதாக அதன் வாசகம் விரிந்திருந்தது. வழக்கறிஞர்களாகிய நாம் இத்தகைய வாசகங்களை நன்கு அறிவோம். எழுதியவருக்கு எல்லா வாசல்களையும் திறந்துவிடும் சொற்கள் அவை. கையொப்பமிட்டவருக்கோ எதையும் தெரிவிப்பதில்லை. (கணக்கெடுப்புத் தாள்களுடன் நம் சேரிகளுக்கு வந்து, முடிவைச் சொல்ல ஒருபோதும் திரும்பாதவர்களை வாசகர்களும் அறிவர்.)

2010இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 41 பேருக்கு 7 லட்சம் டாலர் வழங்கப்பட்டது. எஞ்சிய மாதிரிகள் அம்மக்களிடமே ஒப்படைக்கப்பட்டன. தனிநபரின் கையொப்பத்துக்கு அப்பால் ஒரு சமூகத்துக்கு என்ன உரிமை உண்டு என்ற கேள்விக்கு மட்டும் தீர்ப்பு கிடைக்கவில்லை. அதைப் பேரிழப்பாகவே நாம் கருதுகிறோம்.

வேறு வழியும் இருந்தது. 1988இல் தொடங்கிய ‘ஸ்ட்ராங் ஹார்ட்’ ஆய்வில் அரிசோனா, ஓக்லஹோமா, டகோட்டா பகுதிகளின் 13 தொல்குடிச் சமூகங்களைச் சேர்ந்த, 45 முதல் 74 வயது வரையிலான 4,549 பேர் பங்கேற்றனர். தொல்குடியினரிடம் இதய நோய் குறைவு என்ற பழைய எண்ணத்தை அது தகர்த்தது. பின்னர் அவர்களுள் முதியோராக எஞ்சியிருந்தவர்களின் மூளையும் ஸ்கேன் செய்து ஆராயப்பட்டது. அந்த ஆய்வின் கட்டுரைகள் வெளியாகும் முன் சமூகங்களின் பார்வைக்கும் ஒப்புதலுக்கும் செல்கின்றன.

கனடாவின் தொல்குடியினர் 1998இல் இதையே நான்கு உரிமைகளாக வகுத்தனர்: தரவின் உடைமை, அதன் மீதான கட்டுப்பாடு, அதை அணுகும் வாய்ப்பு, அதைக் கைவசம் வைத்திருத்தல். முதல் மூன்றையும் தாளில் எழுதித் தருவது எளிது. நான்காவதற்குத் தரவு இருக்கும் கணினியே அச்சமூகத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும்.