கிராமத்திற்குத் திரும்பும் தலைவர்கள்

கிராமச் சபையில் திறமை மிக்க இளைஞர் ஒருவர் தோன்றினால், அவரை எவ்வாறாயினும் படிக்க வைத்து நகரத்திற்கு அனுப்பிவிடுவதே நம்மிடையே நெடுங்கால வழக்கமாக இருந்து வருகிறது. அனுப்புகிறவர்களின் அன்பை நாம் குறை கூறுவதற்கில்லை. வறுமையை அனுபவித்தவர்களே அவ்வாறு செய்கின்றனர். ஆயினும் இவ்வழக்கத்தின் விளைவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்வி என்னும் ஏணி, கிராமத்திற்குத் தலைமை தாங்கக் கூடியவர்களையே முதலில் ஏற்றிச் சென்றுவிடுகிறது. இறையியல் கல்வியும் இதற்கு விதிவிலக்கன்று. இளைஞரை அவர்தம் மக்களிடமிருந்து பிரிக்காமலே தலைமைக்குப் பயிற்றுவிக்க இயலுமா? இக்கேள்விக்கு விடை காண முயன்ற நிலையம் ஒன்று ஜப்பான் நாட்டில் உள்ளது. 'அஜியா காகுயின்' எனப்படும் ஆசிய கிராமிய நிறுவனத்தின் பயிற்சி முறையை இங்கு ஆராய்வோம்.

தோற்றம்

1960ஆம் ஆண்டில், தோக்கியோவை அடுத்த ட்சுருகாவாவிலுள்ள கிராம ஊழிய இறையியற் கல்லூரியில், ஆசிய நாடுகளின் கிராமத் தலைவர்களுக்கென ஒரு பயிற்சி தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படைகள் ஆசிய மக்களுக்கு இழைத்த கொடுமைகளை ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் சிலர் மறவாதிருந்தனர். இப்பயிற்சி அவர்களது மனந்திரும்புதலின் கனி எனலாம். எனவே, முன்னேறிய நாடு பின்தங்கிய நாடுகளுக்கு அளிக்கும் கொடையாக இது தொடங்கவில்லை; கடன்பட்டவர் செய்யும் கடமையாகவே தொடங்கிற்று.

இப்பணியில் முதன்மையானவர் தொஷிஹிரோ தகாமி. 1926இல் பிறந்த இவர், இளம் பருவத்தில் ஜென் பௌத்த மடத்தில் வளர்ந்தவர். போருக்குப் பின் வறுமையில் உழன்று, மிஷனெரி ஒருவர் வீட்டில் சமையற்காரராக வேலை செய்து, பின்னர் கிறிஸ்தவரானவர். அமெரிக்காவில் இறையியல் கற்றுத் திரும்பியவர். 1970இல் இன்றைய வங்காள தேசத்தைத் தாக்கிய பெரும் புயலுக்குப் பின் அங்குச் சென்று பணியாற்றியபோது, வெளியிலிருந்து வரும் நிவாரணத்தைக் காட்டிலும் கிராமத்திலேயே வாழும் தலைவர்களே இன்றியமையாதவர்கள் என உணர்ந்தார். 1973இல் தோச்சிகி பகுதியிலுள்ள நிஷினசுனோவில் இந்நிறுவனம் தனியே நிறுவப்பட்டது. 'சேர்ந்து வாழ்வதற்காக' என்பதே அதன் குறிக்கோளுரை. தகாமிக்கு 1996இல் மக்சேசே விருது வழங்கப்பட்டது. 2018இல் அவர் மறைந்தார்.

பயிற்சி முறை

ஆண்டுதோறும் ஏறத்தாழ முப்பது பேர் ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் முதலிய பகுதிகளிலிருந்து வருகின்றனர். பயிற்சி ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதங்கள் நடைபெறும். விதைப்பு முதல் அறுவடை வரை ஒரு முழு வேளாண் பருவத்தை அவர்கள் கடந்து செல்ல இது வாய்ப்பளிக்கிறது. கிறிஸ்தவர்கள் மட்டுமன்றி, பிற சமயத்தினரும் பங்குபெறுகின்றனர்.

நிறுவனத்தின் நிலம் ஏறத்தாழ ஆறு எக்டேர். நெல், காய்கறி, கோழி, பன்றி ஆகிய அனைத்தும் அங்கு உண்டு. இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் பயன்படுத்தப்படுவதில்லை. தவிடு, உமிக்கரி, சருகு, கால்நடைகளின் எரு ஆகியவற்றைப் புளிக்க வைத்து உரமாக்குகின்றனர். இவை எந்தக் கிராமத்திலும் கிடைப்பவை. கடன் வாங்கி வாங்க வேண்டியவை அல்ல. கற்பவர் தம் ஊருக்குத் திரும்பியபின் கையில் பணமின்றியே தொடங்கக்கூடிய வேளாண்மையே கற்பிக்கப்படுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

காலையும் மாலையும் அனைவரும் வயலிலும் தொழுவத்திலும் சமையலறையிலும் வேலை செய்கின்றனர். உணவையும் உயிரையும் ஒன்றிணைத்து ஒரே சொல்லாக்கி, அச்சொல்லால் இவ்வேலையை அவர்கள் அழைப்பது பொருள் பொதிந்தது. உண்ணும் உணவில் பெரும்பகுதியை அவர்களே விளைவிக்கின்றனர். இயக்குநர், ஆசிரியர், பயிற்சி பெறுவோர் என்ற வேறுபாடு இவ்வேலையில் இல்லை.

தலைமை எவ்வாறு கற்கப்படுகிறது?

பயிற்சி பெறுவோர் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, குழுத் தலைமையை முறைவைத்து ஏற்கின்றனர். தலைவராக இருப்பவர் வேலையைப் பங்கிட வேண்டும். மொழியும் பண்பாடும் வேறுபட்டவர்களிடையே எழும் பிணக்குகளைத் தீர்க்க வேண்டும். அறிவித்தபின் தாமும் மண்வெட்டியை எடுக்க வேண்டும். அடுத்த முறையில் மற்றொருவர் தலைவராக, இவர் அவருக்குக் கீழ்ப்பட வேண்டும். தம் ஊரில் சபைப் போதகராகவோ சங்கத் தலைவராகவோ மதிக்கப்பட்டவர், தம்மைவிட இளையவரான ஒரு பெண்ணின் சொற்படி பன்றிக் கொட்டிலைக் கழுவ நேரிடும். சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைச் செய்தவருக்கும் இப்பாடம் எளிதன்று. பணிவிடைத் தலைமை என்பது இங்கு வகுப்பறைத் தலைப்பாக மட்டும் நின்றுவிடவில்லை, அன்றாடப் பழக்கமாகிறது.

மேலும் இரு ஏற்பாடுகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, தனியொருவர் தம் விருப்பத்தின்பேரில் மட்டும் இங்கு வர இயலாது. அவர் பணிபுரியும் கிராம அமைப்போ சபையோ அவரை அனுப்ப வேண்டும். அவரும் அவ்விடத்திற்கே திரும்ப வேண்டும். இரண்டாவது, இப்பயிற்சியின் முடிவில் பட்டம் அளிக்கப்படுவதில்லை. பட்டம் பெற்றவருக்கு நகரம் கதவைத் திறக்கிறது. பட்டமில்லாத இக்கல்வி வயலில் மட்டுமே மதிப்புப் பெறும். திரும்பிச் செல்லுதல் பயிற்சியின் அமைப்பிலேயே சேர்க்கப்பட்டுள்ளது.

சோதனை

2011 மார்ச் 11 அன்று ஏற்பட்ட நிலநடுக்கம் நிறுவனத்தின் கட்டடங்களைச் சேதப்படுத்தியது. அதனினும் கொடியது, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பாலுள்ள ஃபுகுஷிமா அணுமின் நிலையத்திலிருந்து பரவிய கதிரியக்கம். பல்லாண்டுகளாக நஞ்சின்றிப் பேணப்பட்ட மண், அவர்கள் செய்யாத குற்றத்தால் மாசுற்றது. நிலத்தைக் கைவிடுவதா என்னும் கேள்வி எழுந்தது. அவர்கள் நிலத்தைக் கைவிடவில்லை. மண்ணையும் விளைபொருளையும் அளந்து பார்க்கும் கருவிகளைப் பெற்று, அண்டையிலுள்ள மக்களும் தங்கள் உணவைச் சோதித்துக்கொள்ள வழிசெய்தனர். சேர்ந்து வாழ்தல் என்னும் குறிக்கோள் தங்கள் வேலிக்குள் அடங்குவதன்று என்பதை இதனால் விளங்கச் செய்தனர்.

நமக்கு எழும் கேள்விகள்

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. பயிற்சி ஆங்கில மொழியில் நடைபெறுவதால், அம்மொழி அறியாத உழவர் இதில் சேர இயலாது. ஆண்டுக்கு முப்பது பேர் என்பதும் சிறு தொகையே. ஒன்பது மாதங்கள் சமமாக வாழ்ந்தவர், சாதியும் நிலவுடைமையும் ஆட்சி செய்யும் ஊருக்குத் திரும்பும்போது தனித்து நிற்க நேரிடும். அவரை அனுப்பிய சபை அவரோடு நில்லாவிடில், கற்றவை விரைவில் வாடிவிடும்.

ஆகவே இந்நிறுவனத்தை அப்படியே பெயர்த்து நம் நாட்டில் நடுவது நமது நோக்கமன்று. அது எழுப்பும் கேள்விகளை நம் சபைகளில் கேட்பதே பயனுடையது. நமது வாலிபர் சங்கங்கள் பாடவும் வினாடிவினாவில் வெல்லவும் இளைஞரைப் பழக்குகின்றன. சபையின் தரிசு நிலத்தில் ஒரு காணியையாவது அவர்கள் பொறுப்பில் விட்டு, வரவு செலவையும் அவர்களிடமே ஒப்படைத்திருக்கிறோமா? இறையியல் மாணவர் கிராமத்தில் தங்கும் வாரங்களில் போதிப்பதற்கு மட்டும் செல்கின்றனரா, நாற்று நடக் கற்பதற்கும் செல்கின்றனரா? நாம் படிக்க அனுப்பும் இளைஞர் திரும்பி வருவதற்கு ஓர் இடத்தை வைத்திருக்கிறோமா? திரும்பி வருகிறவரைத் தோல்வியுற்றவராகக் காணாமல், அனுப்பப்பட்டவராக ஏற்றுக்கொள்ளும் சபைகளிலேயே கிராமத் தலைமை வேரூன்றும்.